எதை விற்றோம் என்று தெரியாத விற்பனை

1920இல் கடயத்தில் இருந்தபோது பாரதியார் தம் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டுக் குறைந்த விலைக்கு விற்பதென்று திட்டம். ‘தமிழ் வளர்ப்புப் பண்ணை’ என்பது அதன் பெயர். செலவென்ன, வரவென்ன, கடன் கொடுப்போருக்கு வட்டியென்ன என்பதெல்லாம் அதில் இருந்தன. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிடச் சுலபமாகத் தம் புத்தகங்கள் விற்கும் என்று அவர் நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்துபோனார். கவிஞனுக்குக் கணக்குத் தெரியாது என்பதற்கு இந்த அறிக்கையைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் அறிக்கையே ஒரு கணக்குத்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே இருந்த காலத்தில் நான்கு லட்சம் பிரதி என்பது மிகையான மதிப்பீடு; அதை மறுக்க முடியாது. எனினும் விலையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவது, பொருளடக்கத்தை முன்பே வகுத்துக்கொள்வது, முதலீட்டுக்குப் பலரை அணுகுவது எல்லாம் பின்னாளில் மலிவுப் பதிப்பாளர்கள் செய்து காட்டிய வழிகளே. அவரிடம் இல்லாதது முதல்.

கலைஞர்களின் வணிக அறிவு பற்றி இன்று நடக்கும் பயிலரங்குகளும் வெளிவரும் கையேடுகளும் பெரும்பாலும் விற்பனையைப் பற்றியே பேசுகின்றன. சமூக ஊடகத்தில் எப்படித் தெரிவது, பெயரை எப்படிப் பரப்புவது, வாடிக்கையாளரை எப்படிக் கவர்வது என்பவையே பாடங்கள். இவை பயனற்றவை என்று சொல்லமாட்டேன். ஆனால் தமிழ்நாட்டிலும் அதன் அண்டையிலும் கடந்த நூறாண்டில் எழுத்தாளர், ஓவியர், இசைக்கலைஞர் வாழ்வில் பணம் எங்கே கசிந்தது என்று தேடினால், விற்கத் தெரியாமல் போனதைவிட, எதை விற்கிறோம் என்று தெரியாமல் விற்றதே பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. ஒரு பாடலை விற்பதும் அந்தப் பாடலின் உரிமையை விற்பதும் வேறு. ஒரு நாள் உழைப்பை விற்பதும் அந்த உழைப்பில் பிறந்த படத்தைக் காலமெல்லாம் பயன்படுத்தும் அனுமதியை விற்பதும் வேறு. இந்த வேறுபாட்டை அறிவதும், அதை எழுத்தில் வைப்பதும், தன் நாள்களுக்குக் கணக்கு வைப்பதும் ஆகிய மூன்றுமே கலைஞருக்கு வேண்டிய முதல் வணிக அறிவு. மற்றவை பிறகு வரலாம்.

பாரதியின் நூல்களுக்குப் பின்னால் நேர்ந்ததைப் பார்த்தால் இது விளங்கும். அவர் மறைந்தபின் மனைவி செல்லம்மாள் முதலில் தாமே பதிப்பிக்க முயன்றார். பின்னர் குடும்பத்தின் நெருக்கடியில் உரிமை பாரதி பிரசுராலயத்துக்குச் சென்று, முடிவில் பாரதியின் தம்பி விசுவநாதன் கையில் தங்கியது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனியாகப் பிரிந்து, இசைத்தட்டு வணிகர் வழியாகப் படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் போய்ச் சேர்ந்தது. அன்று கவிதை எழுதுபவர் யாருக்கும் ‘ஒலி உரிமை’ என்று ஒன்று இருப்பதாகவே தோன்றியிருக்காது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தம் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது அது வழக்குக்குரிய விஷயமாயிற்று. அதையொட்டி எழுந்த கிளர்ச்சியின் விளைவாக 1949இல் சென்னை அரசு உரிமைகளைப் பெற்றது. சில ஆண்டுகளில் அவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். நாம் பெருமையோடு நினைவுகூரும் இந்த நாட்டுடைமை மரபு, நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகையாகத் தொடர்ந்து வருகிறது. வாசகருக்கு அது நன்மை. எழுதியவர் உயிரோடிருந்தபோது சேரவேண்டியது சேர்ந்திருந்தால் அந்தத் தொகைக்குப் ‘பரிவு’ என்ற பெயர் தேவைப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

சட்டம் இன்று எழுதுபவருக்கு அவர் நினைப்பதைவிடச் சாதகமாக இருக்கிறது. வேறு சில இடங்களில் அவர் நினைப்பதைவிடப் பாதகமாகவும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது கையெழுத்திட்ட எழுத்தில் இருந்தாலொழியச் செல்லாது. எழுத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே நிரப்பிக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, உரிமை திரும்பிவிடும். 2012 திருத்தத்துக்குப் பின், ஒப்பந்தம் போடும் நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை, பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலன்றிப் போகாது. பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதும் கட்டுரையில்கூட, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், இதழில் வெளியிடும் உரிமை மட்டுமே உரிமையாளருக்கு. நூலாக்கும் உரிமை எழுதியவருக்கு. இதெல்லாம் சாதகம். பாதகம், கேட்டு வாங்கும் படங்களில் இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படத்துக்கும் வரையச் சொன்ன உருவப்படத்துக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. கல்யாணப் படம் எடுப்பவர் தம் மாதிரி ஆல்பத்தில் அந்தப் படத்தை வைப்பதற்குக்கூட ஒரு வரி எழுதி வாங்கியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் தொழில் நடத்துபவர்கள்தாம் நம்மில் பெரும்பான்மை.

திரைப்பாடலின் கதை இன்னும் கடுமையானது. 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகப் பணம் பெற்றுக்கொண்டு இசையமைத்தவரின் இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள், பாடல் வானொலியில் ஒலித்தாலும் ஒலிநாடாவாக விற்றாலும் கைபேசியின் அழைப்பு மணியானாலும், இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் முதல்நாள் வாங்கிய தொகையோடு நின்றார்கள். சிலர் ஒப்பந்தத்தில் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள், அவர்கள் விதிவிலக்கு. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் முன்னின்று வாதாடிய 2012 திருத்தம் இதை மாற்றியது. படத்தைத் திரையரங்கில் காட்டுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் வரும் உரிமைத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு; அந்தப் பங்கை வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது என்று சட்டமே சொல்வது ஒரு வியப்பான ஏற்பாடு: பேரம் பேசத் தெரியாதவரை அவருடைய கையெழுத்திடமிருந்தே காப்பாற்றுகிறது. ஆனால் சங்கத்தில் உறுப்பினராகாமல், தம் பாடல்களைப் பதிவு செய்யாமல் இருப்பவருக்கு அந்தப் பங்கு வீட்டுக் கதவைத் தட்டி வராது. சட்டம் கொடுத்ததைப் போய் வாங்கிக்கொள்ளவும் கொஞ்சம் எழுத்துவேலை தெரிய வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வணிக அறிவு என்றதும் முதலாளியாவது என்று புரிந்துகொண்டு நொடித்தவர்கள் உண்டு. புதுமைப்பித்தன் ‘பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ்’ என்று சொந்தப் படநிறுவனம் தொடங்கினார். படம் வரவில்லை, கையிருப்பு போயிற்று. பிறகு ‘ராஜமுக்தி’க்கு எழுதப் புனே சென்றவர் காசநோயோடு திரும்பி 1948இல் 42 வயதில் மறைந்தார். கண்ணதாசன் ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) எடுத்துப் பட்ட கடன்களைத் தாமே எழுதியிருக்கிறார். இவ்விருவரும் தம் எழுத்தின் மதிப்பை அறியாதவர்கள் அல்லர். எழுத்தில் ஈட்டியதை, தமக்குப் பழக்கமில்லாத, முழுப் பணமும் முன்னதாகவே போய்விடுகிற ஒரு தொழிலில் இட்டார்கள். இதற்கு மாறாகக் கல்கியைப் பாருங்கள். ஆனந்த விகடனிலிருந்து விலகி 1941இல் அவர் சொந்த வார இதழ் தொடங்கியபோது, நிர்வாகத்தைச் சதாசிவம் ஏற்றுக்கொண்டார், அவர் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்து ஈட்டிய பணம் முதலாயிற்று. கல்கி இறங்கிய தொழில் அவர் பல ஆண்டு செய்து பழகிய பத்திரிகைத் தொழில். கணக்குப் பார்க்கத் தெரிந்த கூட்டாளி பக்கத்தில் இருந்தார். தொடர்கதை வெளியான இடமே அவருக்குச் சொந்தமாக இருந்தது. கலைஞருக்கு வணிகம் ஒத்துவராது என்ற பொதுவிதி இந்த மூன்று பெயர்களையும் பக்கத்தில் வைத்தால் நிற்காது. ஒருவர் தம் தொழிலுக்குள்ளேயே உரிமையை விரித்துக்கொண்டார், மற்ற இருவர் அதற்கு வெளியே போனார்கள்.

நாள்கணக்குக்கு வருவோம். இது கவர்ச்சியில்லாத பகுதி. அதனாலேயே பலர் தவிர்க்கிறார்கள். அட்டைப்படமும் கதைப்படமும் வரையும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டுச் செலவு மாதம் 40,000 ரூபாய். கணினி, மென்பொருள் சந்தா, மின்சாரம், பயணம் என்று தொழிற்செலவு 10,000. மாதம் 25 நாள் உழைக்கிறார். ஐம்பதாயிரத்தை 25ஆல் வகுத்து நாளுக்கு 2,000 என்று கூலி சொல்கிறார். ஆனால் அந்த 25இல் பத்து நாள், பேசுவதிலும் மாதிரி காட்டுவதிலும் ‘இன்னும் ஒரே ஒரு திருத்தம்’ செய்வதிலும் பாக்கி கேட்டு அலைவதிலும் போய்விடுகிறது. கூலி வருவது 15 நாளுக்கு, அதாவது 30,000. தொழிற்செலவு போக வீட்டுக்கு 20,000. அவர் சொல்லியிருக்க வேண்டிய கூலி 3,300க்கும் மேல். இதைக் கண்டுபிடிக்க வணிகப் பட்டம் வேண்டியதில்லை. மூன்று மாதம் ஒரு நோட்டில் எந்த நாள் எதற்குப் போயிற்று என்று எழுதிவந்தால் போதும். எத்தனை திருத்தம் இந்தக் கூலிக்குள் அடங்கும், அதற்கு மேல் எவ்வளவு என்பதை வேலைக்கு முன்னாலேயே சொல்வதும், முன்பணம் வாங்காமல் தொடங்காமலிருப்பதும் இந்த நோட்டிலிருந்து தானாக வரும் பழக்கங்கள். நாகஸ்வரக்காரருக்கும் கூத்துக் கலைஞருக்கும் இதில் பாடம் சொல்லத் தேவையில்லை. தாம்பூலத்தோடு அச்சாரம் வாங்காமல் அவர்கள் தேதி கொடுத்ததில்லை. படித்த கலைஞர்கள்தாம் அச்சாரம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

வரி விஷயத்திலும் அப்படித்தான். தொழில்முறைக் கட்டணத்தில் பத்து விழுக்காட்டைக் கொடுப்பவரே பிடித்து அரசுக்குக் கட்டிவிடுகிறார். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்தால் அதைத் திரும்பப் பெறலாம். தாக்கல் செய்யாதவர் தம் கூலியில் பத்திலொன்றை விட்டுக்கொடுக்கிறார். நாட்டார் கலை, செவ்வியல் இசை, நடனம், நாடகம் ஆகியவற்றுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை சரக்கு, சேவை வரி இல்லை. திரைக் கலைஞர்களுக்கு வருமானத்தில் பாதியைச் செலவாகக் கழித்துக்கொள்ளும் எளிய முறையை வருமான வரிச் சட்டம் பட்டியலிட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் நடன இயக்குநரும் உடை வடிவமைப்பாளரும் இருக்கிறார்கள், ஓவியரும் சிற்பியும் இல்லை. குறு, சிறு நிறுவனமாகப் பதிந்துகொண்ட வடிவமைப்பாளருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி. இந்த விதியை ரசீதின் அடியில் அச்சிட்டு வைப்பதற்கே ஒரு பலன் உண்டு.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது பழையது: காசைப் பற்றி நினைக்கத் தொடங்கினால் கலை கெடும். தமிழில் இதற்குச் சங்ககாலத்திலேயே முன்னோடி இருப்பதாகச் சொல்வார்கள். அதியமான் தன்னை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்தார். தான் வணிகம் செய்யும் பரிசிலன் அல்லன் என்றார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு. ஆனால் அந்தப் பாட்டை முழுதும் படித்தால், அவர் பரிசிலை வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது தெரியும். தம் புலமையை அறிந்து மதித்துக் கொடுத்தால் தினையளவானாலும் இனிது என்கிறார். மதிப்பிடாமல் கொடுக்கும் பெருந்தொகையை ஏற்பதில்லை என்பது ஒரு நிபந்தனை. நிபந்தனை சொல்லத் தெரிந்தவர்தான் அதைச் சொல்ல முடியும். இன்னொரு பக்கம், கணக்கற்ற கலைஞருக்குக் கலை கெடாமல் இருந்ததா என்றும் கேட்கலாம். கடனுக்கு எழுதியவை, வாடகைக்கு வரைந்தவை, கிடைத்த விலைக்கு ஒப்புக்கொண்ட கச்சேரிகள் ஆகியவற்றின் தரத்தை யாரும் உயர்த்திப் பேசியதில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. எனக்கு அதில் பாதி உடன்பாடு. ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்து என்ன பயன்? எதிரில் இருப்பவர் ‘இதுதான் எங்கள் படிவம், விருப்பமிருந்தால் கையெழுத்திடுங்கள்’ என்றால் புதியவர் என்ன செய்வார்? உண்மைதான். தனி ஒருவரின் அறிவால் சந்தையின் ஏற்றத்தாழ்வு மறையாது. அதனால்தான் இந்தத் திறமையைத் தனிமனிதப் பயிற்சியாக மட்டும் பார்ப்பது போதாது என்கிறேன். தென்னிந்தியாவில் நடந்த இரண்டு முயற்சிகள் இதற்குச் சான்று. 1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலோடு சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எழுத்தாளரே பதிப்பாளர், அவரே பங்குதாரர். வழக்கமான பத்து விழுக்காட்டை வெகுவாகத் தாண்டிய உரிமைத்தொகையை அது வழங்கியது; மலையாள நூல் விற்பனையின் போக்கையே மாற்றியது. பிற்காலத்தில் அது நலிந்தது என்பதும் உண்மை. கூட்டுறவு என்றால் என்றும் வாழும் என்று பொருளில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் அது நடந்ததே பதிப்புத்துறைக்கு ஓர் அளவுகோலாயிற்று.

மற்றது நமக்கு அண்மையில், ஈஞ்சம்பாக்கத்தில். 1960களின் சென்னையில் நவீன ஓவியத்துக்குச் சந்தை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்களும் இதற்குக் கண்டுபிடித்த வழி, ஓவியத்தை விலைபேசுவது அல்ல. அவர்கள் பாத்திக் துணி வரைந்தார்கள், கைவினைப் பொருள்கள் செய்தார்கள். கைவினைச் சங்கம் ஒன்று அமைத்து, அந்த விற்பனையில் ஒரு பங்கைப் பொதுநிதியில் சேர்த்து, மாமல்லபுரம் சாலையில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார்கள். பாத்திக் சோறு போட்டது. ஓவியம் யாருடைய ரசனைக்கும் பணியவேண்டியிருக்கவில்லை. இந்தப் பிரிவினை, கலையும் கைவினையும் ஒன்றே என்று வாதிடுவோருக்குப் பிடிக்காது. பிழைப்புக்கான வேலையையும் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாத வேலையையும் ஒரே கலைஞர் ஒரே நாளில் செய்ய, கூட்டான ஏற்பாடு ஒன்று இடம் கொடுத்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. நிலம் அவர்கள் கையில் இருந்தது. வாடகைக்கு யாரையும் பார்க்கவேண்டியிருக்கவில்லை. கடற்கரைச் சாலையில் மனைவிலை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவின் கூர்மை தெரியும். இதைச் செய்தவர்கள் நிர்வாகிகள் அல்லர், ஓவியர்கள், சிற்பிகள்.

மூன்றாவது மறுப்பு எளிது: கணக்குக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாமே. வைத்துக்கொள்ளலாம், கல்கி வைத்துக்கொண்டார். ஆனால் வரவுசெலவுப் பட்டியலைப் படிக்கத் தெரியாதவர் மேலாளரை நியமிப்பது, எழுத்தறியாதவர் பத்திரம் எழுதச் சொல்வது போன்றது. நம் திரையுலக வரலாற்றில் கணக்கை முழுதும் பிறரிடம் விட்டுவிட்டுக் கடைசிக் காலத்தில் வீட்டையும் இழந்தவர்களின் பட்டியல் நீளம். பெயர்களைச் சொல்லி அவர்களை இன்னொரு முறை இரக்கத்துக்கு உள்ளாக்க வேண்டாம்.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கி, பிறகு அரசு ஏற்றுக்கொண்ட ஓவியப் பள்ளி, தொழிற்கலைப் பள்ளியாகவே வளர்ந்தது. செய்பொருள் விற்பனைக்கு என்பதில் அதற்குத் தயக்கம் இருக்கவில்லை. இன்றைய கவின்கலைக் கல்லூரி அதன் வாரிசு. இங்கேயும் இசைக் கல்லூரிகளிலும் இதழியல் வகுப்புகளிலும், மாணவர் வெளியேறுமுன் ஒரு பருவமாவது ஒப்பந்தமும் பதிப்புரிமையும் கணக்கும் கற்பிக்க வேண்டும். பாடத்திட்டம் மாற நாளாகும். அதுவரை காத்திருக்காமல், இதைப் படிக்கும் எழுத்தாளரோ ஓவியரோ இன்று மாலையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் உரிமையை எழுதிக்கொடுத்த பழைய தாள்களை வெளியே எடுங்கள். எத்தனை காலத்துக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால், கையெழுத்திட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள்.